வெறும் ஆறுதானே என்று நினைத்தேன்

காவடி விரதம் முடிந்த மறு வாரம் ரத்தம் கொடுத்தேன். மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன், வயது 52. கொலஸ்ட்ரால் 6.4 என்று வந்தது. கோயம்புத்தூர் சம்பந்தியம்மா தனக்கு 210 என்று போனில் புலம்பியது நினைவுக்கு வந்ததும், நமக்கு வெறும் ஆறுதானே என்று அன்று சாயங்காலமே காத்தோ பிமான் என்ற மிளகாய் பருப்பு வடை வாங்கித் தின்றேன். சிரிக்காதீங்க. இங்கே மில்லிமோல் கணக்கு, இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. 38.67ஆல் பெருக்கினால் என்னுடையது 247, சம்பந்தியம்மாவையே தாண்டிவிட்டேன்!

டாக்டர் மொத்தத்தைப் பார்த்ததோடு விடவில்லை. கொலஸ்ட்ராலை ரத்தக்குழாயில் படியவைக்கும் எல்டிஎல் 4.0, அதை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் எச்டிஎல் 0.9தான், ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 3.3. பத்து நாள் கறி மீன் தொடவில்லையே டாக்டர் என்றேன். சரி, என்ன சாப்பிட்டீங்க என்றார். சோறு, ரொட்டி, பொரித்தது, பாயசம், வேளைக்கு ஒரு சர்க்கரை டீ... சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கிவிட்டது. ட்ரைகிளிசரைடு ஏற மாவும் சர்க்கரையுமே போதுமாம், கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை ஈரலே தயாரிக்கிறதாம்.

அப்புறம் எண்ணெய். அம்மா காலத்து ரேஷன் எண்ணெயில் பாமாயில்தான் அதிகம், குளிர்காலத்தில் போத்தலிலேயே உறைந்து நிற்கும். 1987இல் அரசாங்கம் அதை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றியது. 1992க்குள் மொரிஷியஸ் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் 5.5இலிருந்து 4.7க்கு இறங்கியதில் அந்த மாற்றத்துக்கு நல்ல பங்கு உண்டு என்று டாக்டர்தான் சொன்னார். நாடே இறங்கியபோது நான் மட்டும் வடை சுட்ட எண்ணெயை மூன்று நாள் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். நாளைக்கு மாத்திரை ஆரம்பம்.

—

அக்கா, என் கதை வேறு. நான் ஒல்லி, எண்ணெய்ப் பலகாரம் பிடிக்காது, ஆனால் அப்பாவுக்கு 46இலேயே மாரடைப்பு வந்தது. எனக்கு எல்டிஎல் 4.3. அட்டோர்வாஸ்டாட்டின் 20 என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டு நான்கு மாதத்தில் 2.4 ஆனதும், குணமாகிவிட்டது என்று நானே நிறுத்திவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 4.2! மாத்திரை இருக்கும்வரைதான் ஈரல் அடங்கியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

—

தம்பி, கால் வலி வரும் என்கிறார்களே, உங்களுக்கு வந்ததா?

—

கெண்டைக்கால் கொஞ்சம் வலித்தது அக்கா. இந்தத் தடவை நானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னேன், ரொசுவாஸ்டாட்டின் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். இப்போது வலி இல்லை.