மேக் முகவரிப் பட்டியலால் வைஃபையைக் காக்க முடியுமா? – அனுபவப் பகிர்வு

மாணவியர் விடுதியின் கணினிப் பொறுப்பாளர்:

எங்கள் விடுதி வைஃபையின் கடவுச்சொல் வெளியாட்களுக்கும் தெரிந்துவிட்டதால், அனுமதி பெற்ற போன்களின் மேக் முகவரிகளை (வலையமைப்பில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் குறியீடுகளை) மட்டும் ரௌட்டரில் பதிந்து, மற்ற அனைத்தையும் தடுத்துவிட நிர்வாகம் முடிவு செய்தது. மாணவியர் ஒவ்வொருவரும் போனின் அமைப்புகளில் பார்த்து எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்த அந்தப் பன்னிரண்டு இலக்க முகவரியை எழுதிக் கொடுத்தார்கள். தடை நடைமுறைக்கு வந்ததும், பட்டியலில் இருந்தவர்களிலேயே பலருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை.

ரௌட்டர் நிராகரித்த முகவரிகளைப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. பெரும்பாலானவற்றில் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தது. அவை தயாரிப்பாளர் வழங்கியவை அல்ல, போன் தானே உருவாக்கிக்கொண்டவை. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து, ஒவ்வொரு வைஃபைக்கும் தானே உருவாக்கிய தனி முகவரியைக் காட்டுவதே போன்களின் இயல்பாகிவிட்டது. செல்லுமிடமெல்லாம் ஒருவரைப் பின்தொடர முடியாதபடி காக்கும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள் என்று இளம்பெண்களிடம் கூற எனக்கு மனம் வரவில்லை.

அப்படி அணைத்தாலும் பயன் குறைவுதான். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் தரவு மறையாக்கம் செய்யப்பட்டாலும், அனுப்புபவரின் மேக் முகவரி ஒவ்வொரு தரவுப் பொதியின் தலைப்பிலும் வெளிப்படையாகவே செல்கிறது. கடவுச்சொல்லை ஏற்கெனவே அறிந்த ஒருவர், அந்த முகவரியை மடிக்கணினியில் பார்த்துத் தம்முடையதாக மாற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. உள்ளே விடத்தக்கவர்களின் பெயர்களை வாசலிலேயே ஒட்டிவைத்துவிட்டு, வருபவரிடம் பெயர் மட்டும் கேட்கும் காவலைப் போன்றது இது.

உண்மையான ஓட்டை எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்த ஒரே கடவுச்சொல்தான். இணைந்திருக்கும் ஒருவர் தம் போனில் க்யூஆர் குறியைத் திறந்து காட்டினாலே அடுத்தவர் உள்ளே வந்துவிடலாம். எனவே பட்டியலை நீக்கிவிட்டு, இணைபவர் யார் என்று சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் ஒன்றை அமைத்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தோம். விடுதியை விட்டுச் செல்பவரின் கணக்கை மூடினால் மற்றவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால், சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் அதன் சான்றிதழைச் சரிபார்க்கும் அமைப்பைப் போன்களில் கட்டாயமாக்க வேண்டும். இல்லையெனில், அதே பெயரில் போலி வைஃபை வைப்பவரிடம் அந்தக் கணக்கு விவரங்களே சிக்கக்கூடும்.

வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர்:

விடுதிப் பொறுப்பாளர் அம்மா கூறியதை வீட்டளவில் நானும் உணர்ந்திருக்கிறேன். சர்வர் வைக்கும் வசதி எங்களுக்கு இல்லை என்பதால், குடியிருப்போருக்கும் விருந்தினருக்கும் ரௌட்டரிலேயே தனி விருந்தினர் வைஃபை அமைத்து, எங்கள் கணினியும் பிரிண்டரும் அவர்களுக்குத் தெரியாதபடி பிரித்துவிட்டேன். குடி மாறும்போது அந்தக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றுகிறேன்.

இன்னொன்றையும் பாருங்கள்: டபிள்யூபிஎஸ் பின் இணைப்பை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணைக் கொடுத்து ரௌட்டரில் இணையும் வசதியை, அணைத்துவிடுங்கள். அந்த எட்டு இலக்க எண்ணை ரௌட்டர் இரு பாதிகளாகச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிவந்தது. அது திறந்திருந்தால், எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்தாலும் அந்த எண் வழியாகவே ரௌட்டர் அதை வெளியே கொடுத்துவிடும்.