பெரிய வீட்டுக் குழு: இந்தோனேசியாவின் சுரபாயாவுக்குக் காரா, ரயிலா?

அம்மா: கார்த்தி, ரம்ஜான் விடுமுறைக்குச் சுரபாயா போவதாக ரேவதி சொன்னாள். குழந்தையை வைத்துக்கொண்டு காரிலா?

கார்த்தி: ஆமாம் அம்மா. ஜகார்த்தாவிலிருந்து ஏறத்தாழ 760 கிலோமீட்டர், முழுக்கச் சுங்கச்சாலை. ஜாவா தீவின் வடமேற்குக் கோடி மெராக்கிலிருந்து சுரபாயா வரை 2018 டிசம்பரிலேயே இணைத்துவிட்டார்கள்.

பெரியப்பா: முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவன் கேட்கிறேன். அங்கே வண்டி எந்தப் பக்கம்?

கார்த்தி: நம்மூர் போலவே இடது பக்கம்தான் பெரியப்பா. ரோடு வழவழவென்று இருக்கும்.

பெரியப்பா: வழவழ ரோட்டில்தான் தூக்கம் கண்ணைச் சுற்றும்.

ரேவதி: ரோட்டில் குறையில்லை, பெரிய மாமா. நாளில்தான் குறை. பெருநாளுக்குத் தீவே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். ‘மூடிக்’ என்பார்கள். பொங்கலுக்கு முந்தின இரவு தாம்பரம் தாண்டப் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் மட்டும் 15 கோடிக்கு மேல் மக்கள்.

சுதா: அண்ணி, போன வருடக் கதையைச் சொல்லுங்கள்!

ரேவதி: உங்கள் அண்ணன் கெட்டிக்காரத்தனமாக, கூட்டத்துக்கு முன்பே, சுரபாயா வழியில் இருக்கிற செமராங் போய்விட்டுத் திரும்பலாம் என்றார். திரும்புகிற அன்று 70ஆவது கிலோமீட்டர் சிக்காம்பெக்கிலிருந்து 414ஆவது கிலோமீட்டர் காலிகங்குங் சாவடி வரை, எதிர்ப்பக்கத் தடத்தையும் சேர்த்து ஊருக்குப் போகிறவர்களுக்கே திறந்துவிட்டார்கள். நாங்கள் எதிர்த்திசை. போலீஸ்காரர் கையை நீட்டிப் பழைய ரோட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம் இவர் வாயே திறக்கவில்லை.

கார்த்தி: அரை மணி நேரம்.

பெரியப்பா: அந்தப் பழைய ரோடு எப்படி?

கார்த்தி: ‘பந்துரா’ என்பார்கள், வடகடற்கரைச் சாலை. நாங்கள் வந்த வழியில் ஒரு பகுதி 1808இல் டச்சு கவர்னர் ஜெனரல் டேண்டல்ஸ் போடவைத்த தடம். மேற்கே அன்யர் முதல் கிழக்கே பானாருகான் வரை சுமார் 1,000 கிலோமீட்டர், ஊர்மக்களை வலுக்கட்டாயமாக வேலை வாங்கிப் போட்டது. சுங்கச்சாலையில் பைக்குக்கு அனுமதியில்லை. அதனால் மூட்டை, மனைவி, பிள்ளை என்று ஒரே பைக்கில் ஏற்றிக்கொண்டு எதிரே வந்துகொண்டே இருந்தார்கள்.

பெரியப்பா: இதுவல்லவா ரோடு!

ரேவதி: பிரெபெஸ் ஊர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. வழிநெடுகச் சின்ன வெங்காயத்தைத் தாளோடு கொத்தாகக் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே உப்பில் ஊறிய வாத்து முட்டை, நீலப்பச்சை ஓட்டோடு.

அம்மா: சின்ன வெங்காயமா? சாம்பாருக்கு ஆகுமா?

ரேவதி: நம்மூர் ருசிதான் அத்தை. நான்கு கிலோ வாங்கினேன். வீடு வந்து சேரும்வரை கார் முழுக்க அந்த வாடைதான்.

சுதா: 350 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ரயில் இருக்கிறதே அண்ணா, அதில் போகக்கூடாதா?

கார்த்தி: அது பண்டுங் வரைதான் சுதா, 142 கிலோமீட்டர். 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. சுரபாயாவுக்குச் சாதாரண விரைவு ரயிலில் எட்டு மணி நேரம் ஆகும். பெருநாள் டிக்கெட்டைப் பல வாரம் முன்பே விற்கத் தொடங்குகிறார்கள். நான் பார்த்தபோது ஒரு இடம்கூட இல்லை.

ரேவதி: பார்த்ததே நேற்றுதான்.

பெரியப்பா: சரி, காரிலேயே போ. இந்த முறையும் பாதையை மறித்தால்?

கார்த்தி: இந்த முறை கூட்டத்தோடு போகிறோம், கூட்டத்தோடு திரும்புகிறோம். இரண்டு தடவையும் நம் பக்கம்தான் திறந்திருக்கும். சுங்க அட்டையிலும் பணம் போட்டுவிட்டேன், சாவடியில் ரொக்கம் வாங்கமாட்டார்கள்.

அம்மா: அப்படியானால் வெங்காயம்?

ரேவதி: பிரெபெஸில் இறங்கிவிடலாம் அத்தை.

கார்த்தி: ரேவதி, அந்த இறக்கமா? 2016இல் சுங்கச்சாலை அங்கேயே முடிந்தது. மொத்தக் கூட்டமும் அந்த ஒரே வாயிலில் இறங்கி, வண்டிகள் நாள்கணக்கில் நின்றன. ‘பிரெபெஸ் எக்ஸிட்’டைச் சுருக்கி ‘பிரெக்ஸிட்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பெரியப்பா: ஒரு கிலோ வெங்காயத்துக்காகவா அங்கே போய் நிற்கப் போகிறீர்கள்?

ரேவதி: ஐந்து கிலோ, பெரிய மாமா.