மறு: பொறுப்புக்கூறலா, விளைவேற்பா?

ஐயா, வணக்கம்.

பெரிய தொழில்நுட்ப நிறுவனம் கொண்டுவந்த புதிய பொருள் படுத்துவிட்டால் மேலதிகாரி அதற்குப் பதில் சொல்ல வேண்டும், இழப்பையும் தாங்க வேண்டும். ஆங்கிலத்தில் accountability எனப்படும் இதற்கு, நம் கலைச்சொல் பட்டியலுக்காகத் தாங்கள் முன்வைத்த 'தலைமைப் பொறுப்பு' எனக்கு ஒப்பவில்லை. ஒருவர் தலைமைப் பொறுப்பை ஏற்றார் என்று பத்திரிகையில் வந்தால் இங்கே மாலையோடு போய் வாழ்த்துவார்கள்!

இலங்கை நண்பர் சொன்ன 'பொறுப்புக்கூறல்' நன்கு பழகிய சொல். ஆனால் அது கூறுவதோடு நின்றுவிடுகிறது. 2016இல் சாம்சங் கேலக்சி நோட் 7 தீப்பிடித்தபோது கைப்பேசிப் பிரிவுத் தலைவர் கோ டோங்-ஜின் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஏறத்தாழ 25 லட்சம் கைப்பேசிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பதவியிலும் தொடர்ந்தார். 2012இல் ஆப்பிள் வரைபடச் செயலி ஊர்களை இடம் மாற்றிக் காட்டியபோது மன்னிப்புக் கடிதம் எழுதியவர் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி டிம் குக். அதில் கையெழுத்திட மறுத்ததாகச் சொல்லப்பட்ட மென்பொருள் பிரிவுத் தலைவர் ஸ்காட் ஃபோர்ஸ்டால் வெளியேறுவதாக அடுத்த மாதமே அறிவிப்பு வந்தது. கூறியவர் ஒருவர், போனவர் இன்னொருவர். இரண்டையும் ஒரே சொல்லில் எப்படி அடக்குவது?

நோக்கியா கதை இன்னும் மோசம். அதன் கைப்பேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாப்ட், 2015இல் 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. 7,800 பேர்வரை வேலை இழப்பார்கள் என்று அதே அறிவிப்பு சொன்னது. வாங்கும் முடிவை எடுத்த தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் முந்தைய ஆண்டே பதவியிலிருந்து இறங்கியிருந்தார். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் வியக்கமாட்டார்கள். ரப்பர் பால் குறைந்தால் ஏச்சு மண்டோருக்கு (மேற்பார்வையாளருக்கு), கூலிப் பிடித்தம் மரம் வெட்டிப் பால் எடுப்பவருக்கு, தோட்ட மேலாளரான துரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல்.

ஆகவே 'விளைவேற்பு' என்று வைக்கலாம். விளைவு என்றால் வயல் நினைவு வரும் என்று நம் குழுவிலுள்ள அக்கா சொல்வார், வரட்டும். இதே சொல்லுக்கு அவர் முன்வைத்த 'பதிற்கடமை' நாக்கில் இடறுகிறது. விளைவேற்பாளர், விளைவேற்பு விதி என்றெல்லாம் இதை நீட்டவும் முடியும். ஊக்கத்தொகையைத் திரும்பப் பெறும் ஒப்பந்த விதிக்கு இதுவரை நம்மிடம் நல்ல பெயர் இல்லை, அதுவும் தீரும்.

மன்னிப்போடு முடிந்தால் பொறுப்புக்கூறல், பதவியோ பணமோ போனால்தான் விளைவேற்பு என்று இரண்டு தனிப் பதிவுகளாகச் சேர்க்கலாமா? மறுப்பு இருந்தால் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.