ஸ்பானிஷில் கேள்வி கேட்டுப் பார்த்தவர்கள் வாருங்கள்

திருமலை நாயக்கர் மகால் பக்கம், வழிகாட்டி:

இங்கே வரும் ஸ்பெயின்காரர்களில் வயதானவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடுவதில்லை. அதனால்தான் ஸ்பானிஷில் உட்கார்ந்தேன். முதலில் பிடித்துக்கொண்ட கேள்வி 'தே தோந்தே சோன் உஸ்தேதெஸ்?', அதாவது நீங்கள் எந்த ஊர். கேள்விச் சொல், அதை ஒட்டி வினை, ஆள் கடைசியில். 'நீங்க' என்று ஆரம்பித்தே பழகிய நாக்கு இதற்கு மடங்கக் கொஞ்ச நாள் ஆகும். 'எங்கிருந்து' என்பதில் 'இருந்து' பின்னால் வருகிறது அல்லவா, அந்த வேலையைச் செய்யும் 'தே' அங்கே கேள்விச் சொல்லுக்கு முன்னால் வந்துவிடும். இங்கிலீஷ் மாதிரி கடைசியில் தள்ள முடியாது.

தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டேன். 'சோமோஸ் தே செவியா' என்றார். 'நாங்கள்' என்று தனியாக ஒரு சொல் இல்லை; 'வந்தோம்' என்றாலே ஆள் தெரிகிற மாதிரி 'சோமோஸ்' போதும். தமிழ் தெரிந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். அப்புறம் என்னைப் பார்த்து, 'இ தூ?' நீ எந்த ஊர் என்கிறார். முகத்துக்கு நேரே 'தூ' என்றால் மதுரையில் என்ன அர்த்தம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு 'தே அக்கி', இந்த ஊர்தான் என்றேன்.

ஆமா, இல்லை கேள்விக்கு நம் 'ஆ' மாதிரி ஒட்டு எதுவும் கிடையாது. 'ஆப்லா இங்லேஸ்' (இங்கிலீஷ் பேசுவீர்கள்) என்பதையே குரலை ஏற்றிச் சொன்னால் கேள்வி. எழுத்தில் மட்டும் தலைகீழ்க் கேள்விக்குறி முன்னாலேயே நிற்கும். ஸ்பானிய அகாடமி 1754இல் கொண்டுவந்தது. குரலை எங்கிருந்து ஏற்றுவது என்று படிக்கிறவருக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

சுங்குடிச் சேலைக் கடை:

அண்ணன் சொன்னது சரி, ஆனால் கடையில் ஆளை எப்போதும் விட்டுவிட முடியாது. 'கே கொலோர் கியேரே?' என்ன கலர் வேண்டும்? ஒருவரை மரியாதையாக 'நீங்கள்' என்னும் 'உஸ்தெத்'துக்கும் அவனுக்கும் அவளுக்கும் வினை ஒன்றுதான். கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும்போது நான் அந்த அம்மாவிடம் கேட்டால், 'உங்க வீட்டுக்காரருக்கு என்ன கலர்' என்றும் படும். அதனால் கடைசியில் 'உஸ்தெத்' சேர்த்துவிடுவேன். இளசுகளிடம் ஸ்பெயினில் 'தூ'தான் சகஜமாம். எனக்கு வாய் வரவில்லை, வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான்.

திருமங்கலம்:

எனக்குக் கைகொடுத்தது 'லே குஸ்தா?', அதாவது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா. சேலையோ பருத்திப்பாலோ, எதைக் காட்டியும் கேட்கலாம். 'மே குஸ்தா' என்றால் அப்படியே நம்ம 'எனக்குப் பிடிக்கும்'. 'நான்' அங்கேயும் வராது. லத்தீன் அமெரிக்காக்காரர்களோடு மட்டும் பேசப் போகிறவர்கள் 'வோசோத்ரோஸ்' வரிசையை (ஸ்பெயினில் பழகிய பலரைப் பார்த்துச் சொல்லும் 'நீங்கள்') இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அங்கே பலருக்கும் சேர்த்து 'உஸ்தேதெஸ்'தான். அர்ஜென்டினாக்காரரோடு பேசிய யாராவது இருக்கிறீர்களா? அங்கே 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்', 'தியேனெஸ்' (உன்னிடம் இருக்கிறது) என்பதும் 'தெனேஸ்' ஆகிவிடுகிறது. காதில் கேட்டால் உடனே புரிகிறதா, சொல்லுங்கள்.