பழைய ஓட்டு வீட்டுக்குக் குடிபோன தங்கையைப் பார்க்கப் போகிறோம்

கேள்வி:
என் தங்கையும் மாப்பிள்ளையும் காங்கேயம் பக்கத்தில் நடுவில் முற்றம் உள்ள ஒரு பழைய தொட்டிக்கட்டு வீட்டை வாங்கிச் சென்ற மாதம் குடியேறினார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை, முழங்கால் வலியுள்ள என் அப்பாவையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு முதன்முறையாகப் போகிறோம். அவர்கள் அனுப்பிய படத்திலேயே, ஆசாரத்துச் (கூடத்துச்) சுவரில் ஒன்றரை அடி உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிர்ந்திருப்பது தெரிகிறது. “இதற்கா இவ்வளவு பணம் கொடுத்தார்கள்?” என்று அப்பா மூன்று நாட்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். குறைகளைச் சொல்லலாமா? என்ன கொண்டுபோகலாம்?

பதில் 1:
முதல் நாளில் சொல்லாதீர்கள். நாங்கள் கோபி பக்கம் பழைய வீட்டுக்குப் போனபோது, வந்த உறவினர் ஒருவர் விட்டத்தைத் தட்டிப் பார்த்து, “உள்ளே கரையான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்; அன்றிரவு என் மனைவி உறங்கவே இல்லை. மறுநாள் வந்த என் அத்தை, தூக்குப்போசி நிறைய அரிசியும்பருப்புச் சாதம் கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்து, பின்புறப் பொடக்காணியில் உட்கார்ந்து பாத்திரங்களையெல்லாம் விளக்கிக் கவிழ்த்துவிட்டு, “காத்து நல்லா வருது கண்ணு” என்றார். அந்த ஒரு சொல்லை நாங்கள் இன்றும் மறக்கவில்லை. உப்பு, மஞ்சள், பழத்துடன் ஒரு பவானி ஜமக்காளம் வாங்கிச் செல்லுங்கள். ஆசாரத்தில் விரிக்க உதவும்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் உயிருக்கு ஆபத்தானதை அன்றே சொல்லிவிட வேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தாலும், பழைய மின்கம்பிகளில் எர்த் இணைப்பு இல்லாவிட்டாலும் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துவது பெரிய செலவல்ல.

சுவரைப் பற்றி ஒரு மாதம் கழித்துப் பேசலாம். நிலத்து ஈரம் சுவர் வழியே ஏறி, காற்றுப் படும் இடத்தில் உலரும்போது, அதில் கரைந்திருந்த உப்பு வெளியே பூக்கிறது. அதை மறைக்கச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும். ஆடிக்காற்றில் நகர்ந்த ஓடுகளை ஐப்பசி மழைக்கு முன்பே சரிசெய்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று: இத்தகைய வீடுகளில் கழிப்பறை பெரும்பாலும் பின்புறம் தள்ளித்தான் இருக்கும். அப்பாவுக்காக அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நிலைப்படி உயரமாகவும் வாசற்கால் தாழ்வாகவும் இருக்கும், கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கையிடம் கேட்டேன்; கழிப்பறை பொடக்காணியில், தரையில் குந்தி உட்காரும் வகைதானாம். அப்பாவின் கமோடு நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொள்கிறோம். பதில்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உப்பையும் மஞ்சளையும் தன் கையாலேயே கொடுப்பதாகச் சொன்னார்.