வீடு இருந்தால் பராமரிப்புக்குக் காசு, வாடகையில் இருந்தால் இலவசம்: இது நியாயமா?

நெல்லியடியான்:
இங்கிலாந்தில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி, கூடவே என் கோபமும். அம்மாவுக்கு 82 வயது. மறதி நோய் முற்றிவிட்டது. அடுப்பை மூட்டிவிட்டு வெளியே போய்விடுகிறார். இனி கேர் ஹோம்தான் (முதியோர் பராமரிப்பு இல்லம்) என்று கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சி மன்றத்தில், இருந்து வந்தவர் சொல்லிவிட்டார். அப்புறம் நிதி மதிப்பீட்டுப் படிவம் வந்தது. சேமிப்பும் சொத்தும் சேர்ந்து 23,250 பவுண்டுக்கு மேல் போனால் முழுச் செலவும் நம் தலையில். அம்மாவிடம் ரொக்கமாக இருப்பது 9,000 தான். ஆனால் அப்பா போன பிறகு அவர் தனியாக இருப்பதால் வீட்டையும் கணக்கில் சேர்க்கிறார்கள். நாங்கள் பார்த்த ஹோமில் வாரத்துக்கு 1,400 பவுண்ட் கேட்கிறார்கள்.

அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக் கடன் அடைத்த வீடு அது. அதே தெருவில் வாடகைக்கு இருந்து, உழைத்ததை எல்லாம் செலவழித்தவருக்குக் கவுன்சில் கட்டுகிறது. சிக்கனமாக வாழ்ந்தவருக்குத் தண்டனையா? வீட்டைத் தங்கை பெயருக்கு எழுதிவிடச் சொல்லிச் சொந்தக்காரர் எல்லோரும் சொல்கிறார்கள். ஏழு வருஷம் கடந்தால் பிரச்சினை இல்லையாமே?

தேம்ஸ்கரை:
அண்ணை, அம்மாவின் நிலைமை கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நியாயம் என்ற இடத்தில் நான் உங்களோடு இல்லை.

வாடகைக்கு இருந்தவருக்கு எல்லாம் இலவசம் என்பது சரியல்ல. அவருடைய பென்ஷன் முழுவதையும் எடுத்துக்கொண்டு, கைச்செலவுக்கு வாரம் 30 பவுண்ட் சொச்சம்தான் விடுகிறார்கள். முடி வெட்டுவது, உடுப்பு, பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு எல்லாம் அதற்குள். அவரிடம் எடுக்க வேறு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. அம்மாவின் செலவை வீடு தராவிட்டால் யார் தருவது? கவுன்சில் வரி கட்டும் ஒவ்வொருவரும். அதில் பலர் லண்டனில் சொந்தமாக ஓர் அறைகூட வாங்க முடியாத இளம் குடும்பங்கள். உங்கள் அப்பா உழைத்தது உண்மை. ஆனால் அந்த வீட்டின் இன்றைய விலையில் பெரும்பகுதி லண்டன் விலை ஏறியதால் வந்தது. அதை முழுசாகப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, அம்மாவைப் பார்க்கும் செலவை வாடகைக்காரர் தலையில் போடுவது எந்த நியாயம்?

கணக்குப்பிள்ளை:
சண்டை தொடரட்டும், அந்த ஏழு வருஷக் கதையை மட்டும் இங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வாரிசு வரிக்கு உள்ள விதி. பராமரிப்புக் கட்டணத்தில் அப்படி ஒரு காலக்கெடுவே கிடையாது. கட்டணத்தைத் தவிர்க்கத்தான் எழுதிக் கொடுத்தீர்கள் என்று கவுன்சில் முடிவு செய்தால், வீடு இன்னும் அம்மாவிடம் இருப்பதுபோலவே கணக்குப் போடும். தங்கையிடமிருந்து அந்தப் பணத்தை வசூலிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. கொடுத்த நேரத்தில் பராமரிப்புத் தேவைப்படும் என்று தெரிந்திருந்ததா என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். மதிப்பீட்டுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு உறுதியை (பத்திரத்தை) மாற்றி எழுதினால் எந்த வாதமும் நிற்காது.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் அம்மா பெயரில் காணி இருந்தால் அதையும் எழுத வேண்டும். வெளிநாட்டுச் சொத்தும் சொத்துதான். மறைத்துப் பிறகு தெரிந்தால் மற்ற எல்லாக் கேள்விக்கும் உங்கள் பதிலை நம்ப மாட்டார்கள். தாலி, நகை போன்ற சொந்த உடைமைகளைச் சேர்ப்பதில்லை. ஆனால் கட்டணத்தைக் குறைக்க இப்போது ஓடிப்போய்ப் பவுன் வாங்கினால் சேர்ப்பார்கள்.

செவிலி மாலா:
நான் கேர் ஹோமில் வேலை செய்கிறேன். காசுப் பேச்சுக்கு முன்னால் நடக்க வேண்டிய ஒன்றை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். அம்மாவின் நோய் கடுமையாக இருந்தால், முதன்மையாக அது மருத்துவத் தேவை என்று ஏற்றுக்கொண்டால், அரசின் மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் முழுச் செலவையும் ஏற்கும். அதற்கு வீடும் பார்ப்பதில்லை, வங்கியும் பார்ப்பதில்லை. முதலில் தகுதி இருக்கக்கூடுமா என்று பார்க்கும் ஒரு செக்லிஸ்ட், பிறகு முழு மதிப்பீடு. மறதி நோய்க்காரருக்கு அது கிடைப்பது கடினம் என்பது உண்மைதான். நோயின் பெயரைப் பார்ப்பதில்லை; தேவை எவ்வளவு தீவிரம், எவ்வளவு சிக்கல், எவ்வளவு கணிக்க முடியாதது என்று பார்க்கிறார்கள். கேட்காமல் விடாதீர்கள், அண்ணா. கேட்காததாலேயே இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் ரொக்கம் 23,250க்குக் கீழே இருப்பதால், நிரந்தரமாக ஹோமில் சேர்ந்த முதல் 12 வாரம் வீட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அவசரப்பட்டு வீட்டை விற்காதீர்கள்.

நெல்லியடியான்:
மாலா தங்கச்சி, நன்றி. செக்லிஸ்ட் பற்றி ஒருவரும் எங்களுக்கு வாய் திறக்கவில்லை.

தேம்ஸ்கரை, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஏதோ செல்வ வரி மாதிரி இருக்கிறது. செல்வ வரி என்றால் எல்லா வீட்டுக்காரரிடமும் வாங்கட்டும்! பக்கத்து வீட்டுத் தாத்தா மாரடைப்பில் ஒரே நாளில் போனார், அவர் பிள்ளைகளுக்கு முழு வீடும் கிடைத்தது. புற்றுநோய் வந்தால் ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் கேட்பதில்லை. மூளை தேய்ந்தால் மட்டும் வீடு போகிறது. பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்று ஆராய அரசாங்கம் அமைத்த டில்னாட் ஆணைக்குழு 2011இல் சொன்னது இதைத்தான்: 65 வயதாகும் பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாள் செலவு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும், அது யார் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே ஒருவர் வாழ்நாளில் கட்டும் பராமரிப்புச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்று. அவர்கள் சொன்னது 35,000 பவுண்ட். அரசாங்கம் அதை 86,000 ஆக்கி, 2023 அக்டோபரில் தருவதாகச் சொல்லி, 2025க்குத் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அடுத்த அரசாங்கம் ஒரேயடியாகக் கைவிட்டது. இடையில் எத்தனை அம்மாக்களின் வீடுகள் போயிருக்கும்?

தேம்ஸ்கரை:
அந்த அதிர்ஷ்டப் பிரச்சினை உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 86,000 உச்சவரம்பு யாருக்கு உதவியிருக்கும் என்று பாருங்கள். லண்டனில் ஆறு லட்சம் பவுண்ட் வீடு வைத்திருப்பவருக்கு அது ஏழில் ஒரு பங்கு. வடக்கே ஒரு லட்சம் பவுண்ட் வீடு வைத்திருப்பவருக்கு அநேகமாக வீடு முழுவதும். இந்த உச்சவரம்புக்காக நான் கண்ணீர் விட மாட்டேன்.

நான் கோபப்படுவது வேறு இடத்தில். 23,250 என்ற தொகை 2010இலிருந்து அப்படியே நிற்கிறது. விலைவாசி எங்கே போய்விட்டது! கீழ் எல்லையான 14,250க்கும் அதற்கும் இடையில் சேமிப்பு உள்ளவர் கதையைக் கேளுங்கள். 14,250க்கு மேல் உள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்ட் வருமானம் வருகிறது என்று பாவித்துக் கட்டணத்தில் கூட்டுகிறார்கள். 20,000 வைத்திருப்பவருக்கு வாரம் 23 பவுண்ட். வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கும் மேலான வட்டி! எந்த வங்கி தருகிறது? வேல்ஸில் ஹோமுக்குப் போகிறவர் 50,000 வரை தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். சின்னச் சேமிப்புக்காரரைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும், பெரிய வீட்டை அல்ல.

நெல்லியடியான்:
வேல்ஸ் என்றால் ஸ்காட்லாந்தையும் சொல்லுங்கள். 2002இலிருந்து அங்கே முதியவர்களுக்குத் தனிப்பட்ட பராமரிப்பு இலவசம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம்.

கணக்குப்பிள்ளை:
அங்கேயும் தங்குமிடம், சாப்பாட்டுக்கு உள்ள பங்கை வீட்டு மதிப்பைப் பார்த்தே வாங்குகிறார்கள். ஸ்காட்லாந்துக்குப் போனால் வீடு தப்பிவிடும் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

செவிலி மாலா:
நான் தினமும் பார்க்கும் ஓர் அநியாயத்தை இரண்டு பேருமே தொடவில்லை. ஒரே ஹோம், ஒரே மாதிரி அறை, ஒரே சாப்பாடு. கவுன்சில் கட்டுபவருக்கு ஒரு விலை, சொந்தக் காசில் இருப்பவருக்கு வேறு விலை. 2017இல் போட்டிச் சந்தை ஆணையம் பார்த்தபோது வித்தியாசம் சராசரியாக 40 சதவீத அளவில் இருந்தது. கவுன்சில் தருவது போதாததால் ஹோம்கள் மிச்சத்தை வீடு விற்ற குடும்பங்களிடம் எடுக்கின்றன. ஆக உங்கள் அம்மா தன் பராமரிப்புக்கு மட்டுமல்ல, பக்கத்து அறைக்காரருடையதற்கும் கொஞ்சம் கட்டுகிறார். அந்தப் பாரத்தை வரிப்பணத்தில் எல்லோரும் சுமக்கலாமே. ஏன் நோயாளிகள் மட்டும்?

தேம்ஸ்கரை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, மாலா. கவுன்சில்களுக்குப் போதிய பணம் கொடுக்காத மத்திய அரசின் பழி அது. ஆனாலும் வீட்டைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று அதிலிருந்து வந்துவிடாது.

வன்னிமகள்:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு 58 வயது. அம்மாவைப் பார்க்க வேலையையும் என் வாடகை வீட்டையும் விட்டுவிட்டு அவரோடு வந்து தங்கினேன். இப்போது என்னாலும் தூக்க முடியவில்லை. அந்த வீட்டில் 60 வயதான உறவினர் இருந்திருந்தால் வீட்டைத் தொட மாட்டார்களாம். எனக்கு 58. அம்மா ஹோமுக்குப் போனால் நான் எங்கே போவது?

கணக்குப்பிள்ளை:
அக்கா, கவலைப்படுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கணவன் அல்லது மனைவி, 60 வயதான உறவினர், மாற்றுத்திறனாளி உறவினர் அங்கே குடியிருந்தால் வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது கவுன்சிலுக்குக் கட்டாயம். உங்களைப் போல் சொந்த இருப்பிடத்தை விட்டுவந்து பார்த்தவருக்கு, வேறு வீடும் இல்லையென்றால், வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். எழுத்தில் கேளுங்கள். பழைய வாடகை ஒப்பந்தம் முடிந்த கடிதம், வேலையை விட்ட கடிதம் எல்லாவற்றையும் இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி முறையிடுங்கள்.

நெல்லியடியான்:
பார்த்தீர்களா தேம்ஸ்கரை? இந்த அக்கா தெருவுக்கு வருவதும் வராததும் ஓர் அதிகாரியின் மனசில் இருக்கிறது. அம்மாவைப் பார்த்த பிள்ளைக்குச் சட்டத்தில் உரிமை இல்லை!

தேம்ஸ்கரை:
அதை உரிமையாக்க வேண்டும் என்று நானும் கையெழுத்துப் போடுவேன், அண்ணை. அந்த அக்கா அந்த வீட்டில் வாழ்கிறார். ஆனால் நீங்களும் தங்கையும் சொந்த வீடுகளில் இருக்கிறீர்கள், அம்மா ஹோமுக்குப் போனால் அந்த வீடு காலியாகிவிடும். அம்மா இருக்கும்வரை விற்க வேண்டியதும் இல்லை. கவுன்சிலோடு ஒத்திவைப்பு ஒப்பந்தம் போட்டால் செலவு வீட்டின் மேல் கடனாக ஏறும், வட்டி உண்டு, பிறகு அடைக்கலாம். உங்கள் இரண்டு பேரின் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

நெல்லியடியான்:
என் கருத்தும்தான். தங்கை பெயருக்கு எழுதும் பேச்சை மட்டும் விட்டுவிட்டோம். மாலா, அந்தச் செக்லிஸ்டுக்கு யாரைக் கேட்பது?

செவிலி மாலா:
அம்மாவைப் பார்க்கும் சமூக சேவகரையோ குடும்ப மருத்துவரையோ (ஜிபி) கேளுங்கள். செய்யும் நாளில் கட்டாயம் கூடவே இருங்கள். "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்கு "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவோம், அப்படியே எழுதிக்கொள்வார்கள். இரவில் எத்தனை தடவை எழும்புகிறார், எப்போது விழுந்தார், எப்போது அடித்தார், மருந்தைத் துப்புகிறாரா என்று இன்றிலிருந்தே தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.