சால்மன் மாதிரி நம்ம பக்கம் மீன் ஏறுறத எங்க பாக்கலாம்?

பாண்டிப்பையன்:
2022 அக்டோபர்ல கனடால அக்கா வீட்டுக்கு போனப்போ ஆடம்ஸ் ஆத்துல சாக்ஐ சால்மன் பாத்தேன், கடல்லேர்ந்து ஆத்துக்கு எதுத்து ஏறி வந்து முட்டை விடுற மீன், ஒடம்பு ரத்தச் செவப்பு தலை மட்டும் பச்சை, பொட்டை மீன் வாலால கூழாங்கல்ல அடிச்சு அடிச்சு குழி பறிக்குது, முட்டை விட்டு கொஞ்ச நாள்ல செத்துடுமாம், பாத்துட்டு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கடலூர், பாகூர் பக்கம் இப்டி எதாவது உண்டா?

ஏரிக்கரை:
ஐப்பசி மழைல ஏரி நெரம்பி கலுங்கு (மிச்சத் தண்ணி வெளிய போற கல்லுக்கட்டு) வழியும்போது போய் நில்லுங்க தம்பி. கெண்டை, கெளுத்திலாம் தண்ணிய எதுத்து துள்ளும், ஏத்துமீன்னு சொல்லுவோம். ஆனா நமக்கு முன்னாடியே வலையோட நிக்கிறாங்க, வயிறு முட்ட சினையோட அள்ளிட்டு போறாங்க, கடுப்பாவுது.

கெடிலம்:
விரால பாருங்க ப்ரோ. அது சால்மன் மாதிரி முட்டைய விட்டுட்டு சாவாது, அப்பனும் ஆத்தாளும் காவல் இருக்கும். குட்டைல செவப்பா குஞ்சுங்க கூட்டமா மேல வந்து பொளக் பொளக்னு மூச்சு வாங்கும். அதுக்குள்ள கால வச்ச என் தம்பிய முட்டியே தொரத்திடுச்சு 😂

பாண்டிப்பையன்:
சூப்பர்ணே! பூட்ஸ் வேணுமா?

ஏரிக்கரை:
வேணாம், சேத்துல மாட்டிக்கும். கலுங்கு மேல மட்டும் ஏறாத, பாசி வழுக்கும்.